மண்ணெண்ணெயா, கூலன்ட்டா?

அலுமினியத்தை மாதிரி நம்பக்கூடாத உலோகம் வேறு கிடையாது. இரும்பு முரடு, ஆனால் முரடு என்று முன்னாலேயே தெரிந்துவிடும். அலுமினியம் மெத்தென்று வழிவிட்டு, பாதித் துளையில், துளை போடும் டிரில் பிட்டைக் கவ்விக்கொள்ளும். காலையிலிருந்து இரண்டு பிட்டை ஒடித்துவிட்டேன். அரியலூர் பட்டறையில் என் மூன்று மாத சோதனைக் காலம் அன்றோடு முடிந்தது. மூன்றாவதும் ஒடிந்தால் சொந்த ஊர் செந்துறைக்குப் பஸ் ஏறிவிட வேண்டியதுதான்.

இருபது வருஷம் மெஷினில் நின்ற கண்ணையன் அண்ணன் வந்தார். "மண்ணெண்ணெயத் தொட்டு வுடும்மா, ஒட்டவே ஒட்டாது" என்றார். அவர் நகர்ந்ததும் ராஜவேல் அண்ணன். அவரும் இருபது வருஷம். "மண்ணெண்ணெயா? பொகைஞ்சு போயிடும். கூலன்ட்ட ஊத்து லாவண்யா" என்று, எண்ணெய் கலந்த பால் நிறத் தண்ணீர் டப்பாவை வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு பேருக்கும் ஆகாது. டீ குடிக்கக்கூடத் தனித்தனியாகத்தான் போவார்கள். ஒருவர் பேச்சைக் கேட்டால் இன்னொருவர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். கண்ணையன் அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் பிட்டை மேலே தூக்கி, பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தடவினேன். ராஜவேல் அண்ணன் தலை தெரிந்தால் மறுபடி தூக்கி, கூலன்ட் ஊற்றினேன். அன்றைக்கென்று இரண்டு பேரும் ஓயாமல் நடந்தார்கள். ஒரு துளைக்கு ஏழெட்டுத் தடவை தூக்கியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அலுமினியச் சீவல் சுருள் சுருளாக வெளியே விழுந்தது. இருந்த பயத்தில் அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

துளை பளபளவென்று வந்துவிட்டது.

முதலாளி சிவசுப்பிரமணியன் சார் விரலால் தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கே! என்னம்மா போட்ட?"

அண்ணன்கள் இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ரெண்டும் போட்டேன் சார். எதுனால நல்லா வந்துச்சுன்னு சத்தியமா தெரியல. இந்தண்ணன் வந்தப்பயும் பிட்டத் தூக்குனேன், அந்தண்ணன் வந்தப்பயும் தூக்குனேன்."

சார் சீவலை அள்ளிப் பார்த்துச் சிரித்தார். "தூக்குனதுதாம்மா வேலையே. சீவல் வெளிய வந்துட்டா அப்புறம் எங்க ஒட்டுறது? நாளைலேருந்து இந்த மெஷின் ஒனக்குத்தான்."

அப்பாடா என்று இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப எண்ணெய் வேணாங்களா சார்?"

"எண்ணெய் இல்லாமலா? கண்டிப்பா வேணும்."

"எது சார்?"

சார் கண்ணையன் அண்ணனைப் பார்த்தார். ராஜவேல் அண்ணனைப் பார்த்தார்.

"அத நீயே பாத்து முடிவு பண்ணிக்கம்மா" என்றவர், ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.