நான்காம் எண் அறை

படம் போட்ட அறிவியல் புத்தகத்தில் பாடத்தை யாரும் படிப்பதில்லை. பக்கம் வடிவமைத்தே தலை நரைத்தவள் நான், அடித்துச் சொல்வேன். கண் முதலில் படத்துக்குப் போகும். அப்புறம் படத்துக்குக் கீழே இருக்கும் ஒற்றை வரிக்கு. அதன் பிறகு பெட்டிச் செய்திக்கு. மாங்கு மாங்கென்று எழுதிய பாடம், கூப்பிடாமல் வந்த விருந்தாளி மாதிரி ஓரமாக நிற்கும்.

இதை எங்கள் பதிப்பாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். பாடத்தை எழுதுகிறவர் அவர்தான். எந்தப் பேச்சையும் தன் சொல்லோடு முடித்து வைப்பதால் அலுவலகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர்.

போன மாதம் நாங்கள் செய்து முடித்தது சுழல்காற்றுப் புத்தகம். மேகத்திலிருந்து தும்பிக்கை போல இறங்கி, கூரையைப் பிடுங்கிக்கொண்டு போகும் காற்று அது. அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதிகள் வந்ததும் முதல் வேலையாக ஒன்றை என் அக்கா மகளுக்கு அனுப்பினேன். வடகிழக்கே அவர்கள் இருக்கும் ஊர்ப் பக்கம் அந்தக் காற்று அடிக்கடி வரும். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்பதால் அவளை நாங்கள் ஏனம்மா என்றுதான் கூப்பிடுவோம். பால் ஏன் வெள்ளை, சித்தி ஏன் குண்டு, எல்லாவற்றுக்கும் அவளுக்குப் பதில் வேண்டும்.

இன்று மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"இங்க எச்சரிக்கை கொடுத்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துடுமாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உன் ஏனம்மாவுக்குத்தான் பயமே இல்ல. உன் புத்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, எங்க உட்காரணும்னு எனக்கே சட்டம் போடறா."

பயத்தோடு பயமாகக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. போனை வைத்துவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பக்கத்தை நானும் எடுத்துப் பார்த்தேன். எண்கள் தப்பாக இருந்தன.

ஒரு வீட்டைக் குறுக்கே வெட்டியது போன்ற கோட்டுப் படம். ஐந்து அறைகள், ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் ஓர் எண். கீழே விளக்கம்: "2. ஆபத்து. இங்கே நிற்காதே. 4. பாதுகாப்பான இடம். இங்கே குனிந்து உட்கார்." ஓவியர் வரைந்து அனுப்பியபோது, அதில் ஓடும் சிறுமியின் முகம் பக்கத்துக்கு வெளியே பார்த்தபடி இருந்தது. எங்கள் தொழிலில் அது ஆகாது. முகம் பக்கத்துக்குள்ளே பார்க்க வேண்டும். அதனால் படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். எண்களும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிவிட்டன. அவற்றை அழித்துவிட்டு, கை பழகிய வேகத்தில், இடமிருந்து ஒன்று, இரண்டு என்று புதிதாகப் போட்டுக்கொண்டு போனேன். கீழே இருந்த விளக்கத்தை நான் தொடவே இல்லை.

இப்போது நான்காம் எண், சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல் வைத்த கூடத்தில் இருந்தது. ஜன்னலே இல்லாத குளியலறைக்கு இரண்டு.

அக்காவைக் கூப்பிட்டேன். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அதே கதைதான். கூப்பிட்டுக்கொண்டே முற்றுப்புள்ளியின் அறைக்கு ஓடினேன். அச்சகத்தில் மொத்தப் பிரதிகளும் ஓடிக்கொண்டிருந்தன. எண் மாறிப்போனதையும் அக்கா வீட்டு நிலைமையையும் சொன்னேன்.

அவர் பக்கத்தைப் பார்க்காமலே சொன்னார். "பாடத்துல சரியாத்தானே இருக்கு? ஜன்னல் இல்லாத உள்ளறைன்னு நானே எழுதியிருக்கேன். ஒரு திருத்தச் சீட்டு அடிச்சு உள்ள வச்சிடலாம். முடிஞ்சுது."

எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை அவர் மேஜைமேல் விரித்து வைத்தேன். "சார், அபாயச் சங்கு ஊதிடுச்சுன்னு வச்சுக்கோங்க. காத்து வாசலுக்கு வந்துடுச்சு. எங்க போவீங்க? காட்டுங்க."

அவர் விரல் நேராகப் படத்துக்குப் போனது. அங்கிருந்து கீழே விளக்கத்துக்கு இறங்கியது. பிறகு மேலே ஏறி, நான்காம் எண்ணின் மேல் போய் நின்றது. தான் எழுதிய பாடத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. விரலுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"மெஷினை நிறுத்தச் சொல்லுங்க," என்று அச்சகத்துக்குப் போன் செய்தார். காரணம் கேட்டவரிடம் எரிந்து விழுந்தார்.

அச்சகத்தை நிறுத்தியாயிற்று. ஏனம்மாவை யார் நிறுத்துவது? எண்ணை அழுத்தி அழுத்தி என் கட்டைவிரல் மரத்துப்போனது. வேண்டாத தெய்வமில்லை. ஒரு வழியாக மறுமுனையில் மணி அடித்தது. முற்றுப்புள்ளியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சித்தி, நாங்க நாலாம் நம்பர்லதான் இருக்கோம்," என்றாள் ஏனம்மா, எடுத்த எடுப்பில். அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. "அம்மா பாத்ரூமுக்குக் கூப்பிட்டாங்க. நான்தான் விடல."

"அம்மாகிட்ட போனைக் கொடு."

"அம்மா பின்கதவைச் சாத்தப் போயிருக்காங்க. கதவு நிக்க மாட்டேங்குது."

"கண்ணு, நீ இப்பவே பாத்ரூமுக்குப் போ."

"அது ரெண்டாம் நம்பர் சித்தி. ரெண்டு ஆபத்துன்னு போட்டிருக்கு."

உலகத்தில் இருக்கும் அத்தனையையும் ஏன் என்று கேட்கிறவள், அச்சில் இருந்ததை மட்டும் அப்படியே நம்பிவிட்டாள். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் முரண்டு பிடிப்பாள், அம்மாவைக் கொண்டு பிறந்தவள். குரலைத் தாழ்த்தி மெதுவாகச் சொன்னேன்.

"படத்தை விடு. பக்கத்துல பொடி எழுத்துல பாடம் இருக்கு பார். அதைப் படி."

"எந்த இடம்?"

"கடைசிப் பத்தி," என்றார் முற்றுப்புள்ளி. அவர் முகம் வெளுத்திருந்தது.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஜன்னல்... இல்லாத... உள்ளறையே... பாதுகாப்பானது. கண்ணாடி உள்ள... அறையில்... ஒரு நொடியும்... நிற்கக்... கூடாது." அவளோடு சேர்ந்து முற்றுப்புள்ளியின் உதடுகளும் அசைந்தன.

காற்றின் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் உயர்ந்தது.

"சித்தி, படம் ஒண்ணு சொல்லுது, பாடம் ஒண்ணு சொல்லுது. ஏன்?"

"படத்துல சித்தி தப்பு பண்ணிட்டேன். பாடம்தான் சரி. அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஓடு."

"அம்மா, ரெண்டாம் நம்பர், ரெண்டாம் நம்பர்," என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே ஓடுவது கேட்டது. இணைப்பு அறுந்தது.

அதன் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் வேலை ஓடவில்லை. யார் போனாவது சிணுங்கினால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்து, அதை முடிக்காமலே விட்டார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பாவி, ஒரு முகம் உள்ளே பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு வீட்டையே திருப்பிப் போட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

விளக்குப் போடும் நேரத்துக்கு அக்காவின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. அவர்கள் வீட்டுக் கூடம். ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. சோபா முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். முழநீளத் துண்டு ஒன்று, ஒரு பிள்ளை உட்காரும் இடத்தில் குத்திக்கொண்டு நின்றது. நடுவில் என் புத்தகம் திறந்தபடி கிடந்தது.

நானும் எல்லோரையும் போலப் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு கணம் செத்துப் பிழைத்தேன். பிறகுதான் அதற்குக் கீழே ஏனம்மா எழுதியிருந்த வரியைப் படித்தேன்.

"சித்தி போட்ட 4. நாங்க இதுல இல்ல."