கையெழுத்துகளுக்கு மேலே ஒரு வெற்றிடம்

நோணாங்குப்பம் சமுதாயக் கூடத்தில் அன்று இருந்தவர்கள்: மின்விசிறிக்கு நேர் கீழே, மேசைக்குப் பின்னால், படகுக் கம்பெனி மேலாளர் ஆரோன். முன்வரிசை நாற்காலியில் மனு எழுதுகிறவனாகிய நான், அமலநாதன். எனக்கு வலப்பக்கம் சுற்றுலாப் படகு ஓட்டும் பக்கிரி. சன்னலோரம் தரையில் நண்டு பிடிக்கும் பெண்கள் பதினொரு பேர், அவர்களுக்கு முன்னால் சின்னப்பொண்ணு. மற்ற நாற்காலிகள் காலியாக இருந்தன. சேலை ஈரம் என்று அவர்கள் உட்காரவில்லை.

கம்பெனி புதிய படகுத்துறையும் மிதக்கும் உணவகமும் கட்டப் போகிறது. திரையில் காட்டிய படத்தில் தண்ணீர் நீலமாக இருந்தது. ஆற்று வளைவுக்கு அப்பால் உள்ள அலையாத்திக் காடு அதில் இல்லை. அந்த வேர்களுக்குள் கைவிட்டு நண்டு பிடித்தால்தான் சின்னப்பொண்ணு வீட்டில் உலை வைக்க முடியும்.

"இதுல எங்க எடம் எங்கங்க?" என்றாள்.

காடு அப்படியே இருக்கும் என்றார் ஆரோன். 'அப்படியே' என்பதை மூன்று முறை சொன்னார். ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

டீயோடு ஒரு தாள் வந்தது. வருகைப் பதிவாம், கையெழுத்தைப் பாதிப் பக்கத்துக்குக் கீழே போடச் சொன்னார் ஆரோன். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நீர் வற்றும் நேரத்துக்கு இறங்க வேண்டிய பெண்கள் நான் மனு எழுதி முடிக்கும்வரை காத்திருக்க முடியாது. வெள்ளைத்தாளில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மேலே நான் பிறகு எழுதிக்கொள்வேன். பதினைந்து வருடமாக இப்படித்தான். அந்தக் கைப்பழக்கத்தில் முதல் கையெழுத்தை நானே போட்டேன். பக்கிரி போட்டான். பெண்களும் வரிசையாகப் போட்டார்கள்.

தாள் மேசைக்குத் திரும்பியபோதுதான் அந்தக் காலியான மேல்பாதி என்னை உறுத்தியது. காரில் ஏறப் போன ஆரோனிடம் போனேன்.

"மேல 'வருகைப் பதிவு'ன்னு ஒரு வரி எழுதிடுங்க தம்பி. பேனா இந்தாங்க."

அவர் பேனாவை வாங்கவில்லை. தலைப்பை ஆபீஸில் டைப் செய்வார்கள் என்று சிரித்தார். கோப்பின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை. கார் கண்ணாடி ஏறியது.

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கையெழுத்துக்கு மேலே என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

பெண்களிடம் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. "நீங்க போட்டீங்க, நாங்களும் போட்டோம். இல்லன்னா தொட்டிருப்போமாண்ணே?" என்றாள் சின்னப்பொண்ணு.

மறுநாள் கடலோர அனுமதி தரும் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். வெற்றுத்தாளில் முதலில் கையெழுத்திட்டவன் நான்தான், அதன்மேல் சம்மதம் என்று எது எழுதப்பட்டிருந்தாலும் அது எங்களுடையது அல்ல, இந்தத் திட்டமே வேண்டாம் என்று எழுதி, எல்லோரையும் உட்காரவைத்து இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

பக்கிரி எழுந்தான். "மொத்தமா வேணாம்னு போயிட்டா, கேட்டரிங் படிச்ச என் பொண்ணு எங்க வேலைக்குப் போவா? அத எழுதுனீங்களா?"

எழுதவில்லை. பெண்கள் எதிர்ப்பார்கள் என்று நினைத்தேன். சின்னப்பொண்ணு சொன்னாள், "அதயும் எழுதுங்கண்ணே. படகுல வர்றவன் நண்டுதான கேப்பான்? புடிக்க எடம் இருந்தாத்தான குடுக்கறது."

வெற்றுத்தாள் பற்றியதை அப்படியே வைத்து, மீதியைப் புதிதாக எழுதினேன்: படகுத்துறையும் உணவகமும் வளைவுக்கு இப்பால் வரட்டும், அதில் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், அதன் கழிவு தண்ணீரில் விழக் கூடாது, வளைவுக்கு அப்பால் இஞ்சின் படகும் வேண்டாம், ஒரு கம்பமும் வேண்டாம். மறுபடி படித்தேன். அதன் பிறகே கையெழுத்து.

தபாலாபீசுக்குக் கிளம்பியபோது பக்கிரி கூடவே வந்தான். வேலை இருந்தால் போகச் சொன்னேன். போகவில்லை.

"கவர என் கண்ணு முன்னால ஒட்டுங்க," என்றான்.

"என்மேலயே சந்தேகமா?"

"நேத்து வரைக்கும் இல்லண்ணே."

கோபம் வரவேண்டிய இடம்தான், வரவில்லை. கடிதத்தின் இரண்டு தாள்களையும் அவன் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தான், தன் வரி இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடினான். மடித்து உறையில் போட்டது அவன். கோந்து தடவி ஒட்டியது நான். பதிவுத்தபால் சன்னலில் முத்திரை குத்தி, உறையைப் பைக்குள் போட்டார்கள்.