மூத்தவள் தந்த கைநீட்டம்

விஷுவுக்கு முந்தின நாள் சாயங்காலம் சிவசங்கரி பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்பா ராக்கப்பன் மறுகல்யாணம் செய்துகொண்ட பிறகு மீனாட்சிபுரத்து வீட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. வாசலில் நின்ற அப்பாவின் புது மனைவி சந்தனத்திடம், “அப்பா எங்கீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிருக்காக. உள்ள வாங்க.”

சந்தனம் தேவிகுளத்துத் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். கொழுந்து கிள்ளித் தங்கைகளைக் கரையேற்றி முடித்தபோது அவளுக்கு முப்பத்தொன்பது. அறுபத்துமூன்று வயது ராக்கப்பனைத் தை மாதம் கட்டிக்கொண்டு மலையிறங்கி வந்தாள். மாடு கறக்க ஒரே வாரத்தில் பழகிவிட்டாள். தன்னைவிட இரண்டு வயது மூத்த மகளிடம் எப்படிப் பழகுவது என்பதுதான் பிடிபடவில்லை.

பொழுது சாய்ந்ததும், விடிந்ததும் கனி காண வெண்கல உருளியில் வெள்ளரி, மாங்காய், கண்ணாடி, கொன்றைப்பூ எல்லாம் எடுத்து வைத்தாள். சிவசங்கரி வந்து பார்த்தாள். “எங்கம்மா வெள்ளரிக்காயப் படுக்க வெக்க மாட்டாங்க” என்று அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

விடியற்காலையில் மூவரும் கனி கண்டார்கள். ராக்கப்பன் வெற்றிலையில் ஒரு காசும் பூவும் வைத்து பெரியவர்கள் சிறியவர்களுக்குத் தரும் விஷுக் கைநீட்டத்தை மகளுக்குக் கொடுத்தார். காலைத் தொட்டு வாங்கிக்கொண்டாள்.

“நீயும் குடு, சந்தனம். இந்த ஊட்டுல நீயும் பெரியவதான்.”

சிவசங்கரியின் கைகள் முந்தானைக்குள் போய்விட்டன. சந்தனம் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்த ஒரு ரூபாய்க் காசு அவள் இடுப்பில்தான் இருந்தது. நீட்டினால் அப்பாவின் சொல்லுக்காகச் சிவசங்கரி வாங்கிக்கொள்வாள். அப்படி வாங்குவது வேண்டாம் என்று சந்தனத்துக்குத் தோன்றியது.

“நான் எப்படிக் குடுக்க? அவுக எனக்கு மூத்தவுகல்லா?” என்றாள். சிவசங்கரியின் முன்னால் தன் கையை நீட்டினாள். “நீங்க குடுங்க.”

ராக்கப்பன் பதறிப்போனார். “மக போயி ஆத்தாளுக்குக் குடுக்கறதா? ஆராச்சும் கேட்டாச் சிரிப்பாங்க!”

“சிரிக்கட்டும்” என்றாள் சந்தனம். கையை இறக்கவில்லை.

சிவசங்கரி அந்தக் கையைப் பார்த்தாள். தேயிலைக் கறை ரேகைகளில் இன்னும் போகாமல் இருந்தது. உள்ளே போய்ப் பையைத் துழாவி ஒரு இரண்டு ரூபாய்க் காசோடு வந்தாள். உருளியிலிருந்து ஒரு கொன்றைப்பூவைக் கிள்ளி, காசோடு சேர்த்துச் சந்தனத்தின் கையில் வைத்தாள். “நல்லாருங்க” என்றாள்.

சந்தனம் காலைத் தொடக் குனிந்தாள்.

“அய்யோ, அதெல்லாம் வேண்டாமுங்க, எந்திரிங்க!” சிவசங்கரி அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

அதோடு அவர்கள் அம்மாவும் மகளுமாகிவிடவில்லை. டீ குடிக்கும்போதும் சிவசங்கரி அப்பாவிடம்தான் பேசினாள். ஆனால் பாயசத்துக்குச் சந்தனம் அலுமினியச் சட்டியை எடுத்ததும் எழுந்து வந்தாள்.

“அதுல அடிப்புடிச்சுக்கும். பரண் மேல எங்கம்மாவோட வெங்கலப் பானை இருக்குது. நான் ஏறி எடுக்கறேன், ஏணியக் கெட்டியாப் புடிச்சுக்குங்க.”

அம்மா இறந்த பிறகு நாலு வருஷமாக யாரும் தொடாத பானை பச்சை பூத்துக் கிடந்தது. இருவரும் கிணற்றடியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாகத் தேய்க்க ஆரம்பித்தார்கள்.