விற்பதற்கு மட்டும் சாமை

பாப்பிரெட்டிப்பட்டி வாரச் சந்தையில் மல்லையனின் வாய்க்கு முன் நிற்க ஆளில்லை. சித்தேரி மலையில் விளைந்த சாமையை மூட்டை அவிழ்த்து வைத்து, வாங்க வரும் சர்க்கரை நோயாளிகளிடம் ஒரே பாட்டைப் பாடுவான்.

"எங்க மலையில ஒருத்தருக்கும் சக்கரை கெடையாதுங்க. எல்லாம் இந்தச் சாமைதாங்க."

அதைச் சொல்லும்போதே வலது கால் சுருக்கென்றது. முள் குத்திய புண் ஒரு மாதமாக ஆறவில்லை. மூன்று வருடமாக அவனுக்கும் சர்க்கரை உண்டு என்பது பெண்டாட்டி சின்னக்கண்ணுவுக்கு மட்டுமே தெரியும். இப்படியே போனால் கால் கட்டைவிரலை வெட்டி எடுக்க வேண்டிவரும் என்று நேற்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த டாக்டர் மேல் அவனுக்கு அடங்காத எரிச்சல்.

சாமைச் சோறு ஏழை தின்னும் சாப்பாடு என்பது மல்லையனின் கட்சி. விளைந்ததை எல்லாம் விற்றுவிட்டு, வீட்டில் மூன்று வேளையும் தட்டு நிறைய வெள்ளைச் சோறு தின்றான். பைக் வாங்கிய பிறகு காட்டுக்குக்கூட நடப்பதில்லை. சந்தை நாளில் பரோட்டாவும், சர்க்கரை தூக்கலாக நாலு டீயும். மாத்திரை நினைத்தால் உண்டு.

அன்றும் டீ வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னக்கண்ணு டம்ளரைப் பிடுங்கித் தரையில் ஊற்றினாள். மல்லையன் பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டுக்கு வா, வைத்துக்கொள்கிறேன் என்றான். அவள், சாமை வாங்கப் பையோடு நின்ற ஒரு பெரியவரிடம் திரும்பினாள்.

"இவரு பேச்சைக் கேக்காதீங்க. இவருக்கே சக்கரை முன்னூறுங்க. காலைப் பாருங்க."

எல்லோரும் காலைப் பார்த்தார்கள். ஒருத்தி அளந்து வாங்கிய சாமையைத் திரும்பக் கொட்டிவிட்டுப் போனாள். மானம் போன ஆத்திரத்தில் மல்லையன் அளக்கும் படியை ஓங்கினான். அவள் நகரவில்லை.

"அடி. அடிச்சுட்டு அந்தக் காலோட நீ எப்புடி மலையேறுவேன்னு பாக்கறேன். சாமை என்னா, மாயமா மந்திரமா? அளவாத் தின்னணும், நடக்கணும், மாத்திரைய வுடக்கூடாது. இதுல ஒண்ணாச்சும் செஞ்சியா நீ?"

அந்தக் கால் போய்விடுமோ என்ற பயத்தில் கத்தினாள். மல்லையன் எழுந்து பாயப் பார்த்தான். கால் ஊன்ற முடியவில்லை. அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். பெரியவர் இன்னும் பையை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் அளந்து கொடுத்துவிட்டு, மீதி மூட்டையின் வாயைக் கட்டினான்.

"இது விக்கறதுக்கு இல்லீங்க, வூட்டுக்கு. அவ சொல்றது நெசந்தாங்க. இந்த நோவை நான் தட்டுல போட்டுத் தின்னேன், பைக்குல ஏத்தி வளத்தேன். ஊருக்குப் புத்தி சொல்ற வாய், தான் என்ன திங்குதுன்னு பாக்கணுங்க."

சின்னக்கண்ணு தன் பையைத் திறந்தாள். மாத்திரையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் அவன் மடியில் வைத்துவிட்டு, விழுங்கும்வரை முறைத்துக்கொண்டே நின்றாள்.