நம்பிக்கைக்குரியவர்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்சின் விளிம்பைத் தீட்டிக்கொண்டிருந்த அக்காவின் கைபேசி அதிர்ந்தது. 'இன்று நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' தம்பிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று தெரிந்த பிறகு மருத்துவமனையில் ஏற்றிக் கொடுத்த ஆப் அது. நோயாளிக்கல்ல, அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு. தினமும் கேட்கும். 'நன்றாக இருக்கிறேன்' என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பாள். இன்று விரல் அங்கே போக மறுத்தது. காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடப் போனவளின் கையைத் தட்டிவிட்டு, "நான் என்ன குழந்தையா? தொடாத, போ" என்று தம்பி கத்தியது இன்னும் காதிலேயே இருந்தது. 'முடியல. எங்கயாவது காணாமப் போயிடணும்போல இருக்கு' என்று தட்டி அனுப்பினாள். நெஞ்சு சற்று லேசானது. கையிலிருந்த லென்ஸ் முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. 'நீங்கள் தனியாக இல்லை. நீங்கள் குறிப்பிட்ட நம்பிக்கைக்குரியவருக்குத் தகவல் அனுப்பியிருக்கிறோம். எங்கள் ஆலோசகரும் அழைப்பார்.'

யார் அந்த நம்பிக்கைக்குரியவர்? யோசித்துப் பார்த்தாள். அன்று மருத்துவமனையில் யாராவது ஒருவருடைய எண்ணைக் கேட்டபோது, தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைச் சொல்லிவைத்திருந்தாள். தம்பியின் எண்.

கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவனுக்கு வெயில்தான் முதல் எதிரி. உடம்பே நரம்புகளின் மேலுறையை அரித்துவைத்திருந்தது. சூடு ஏறினால் கால்கள் துவண்டுபோகும், பார்வை மங்கும். வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவன். முதலாளியிடம் "தம்பி" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவரே ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினார். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஊன்றுகோலைக் காணோம்.

தெருமுனையில், ஆட்டோவில் வந்த அவசரத்தில் அவள் கவனிக்காமல் விட்ட, கதவிழுத்துப் பூட்டிய ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. சட்டைப் பொத்தான்கள் ஓட்டை மாறி ஏறியிருந்தன.

"அறிவிருக்காடா உனக்கு? இந்த வெயில்ல எங்கடா கிளம்பின?"

"உன் கடைக்கு. நீ எழுதினதையும் போட்டு, உன்னத் தனியா விட வேணாம்னு மெசேஜ் வந்துச்சு." நாக்கு குழறியது. "ரெண்டு கால்ல ஒண்ணுகூட நம்ம கட்சி இல்ல. போனை எடுக்கலாம்னா விரலும் கேக்கல."

அவள் பையிலிருந்த பாட்டில் தண்ணீரில் துப்பட்டாவை நனைத்து அவன் கழுத்தில் சுற்றினாள். இந்த முறை அவன் தட்டிவிடவில்லை.

"நெஜமாவே அப்படி எழுதினியாக்கா?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. "எழுதினேன்."

"என்னாலயா?"

"உன்னாலயும்தான்."

"ஆப்புன்னு பேரு வச்சப்பவே நாம உஷாராயிருக்கணும். ரெண்டு பேருக்கும் சேர்த்துல்ல வச்சிருச்சு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது கைபேசி அடித்தது.

"வணக்கம்மா, நீங்க எழுதினதப் பாத்துட்டுத்தான் கூப்பிடுறேன். பக்கத்துல யாராவது இருக்காங்களா? மனசு விட்டுப் பேச முடியுமா?" ஒரு பெண்குரல், அவசரமே இல்லாமல் கேட்டது.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவனுக்கும் கேட்டிருந்தது.

"பேசு," என்றான். "நான் கேக்க மாட்டேன்."

பூட்டிய கடைக்கதவின் பக்கம் திரும்பி, நடுங்கும் கைகள் இரண்டையும் தூக்கிக் காதுகளைப் பொத்திக்கொண்டான். இடது கை வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடியும் தூக்கி வைத்தான்.

"சொல்லுங்கம்மா," என்றது குரல்.