வெயில் யாருடைய முறை?

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அன்னூர் பஸ்ஸில் திருடினேன். முன் சீட்டில் ஓர் அம்மா செல்போனில் கேட்டார்: "ஏனுங்க, வெயிலு உங்கூட்டுதுங்களா?" அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். வெயில் எந்த வீட்டுடையது என்று மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, தெரியாது. சரவணம்பட்டி நெரிசலில் பஸ் நின்ற நேரத்தில் அவருக்குப் பூவாத்தாள் என்று பெயர் வைத்து, கொஞ்சம் வாழையும் நட்டுக்கொடுத்துவிட்டேன்.

2

'கிழக்கு வெளுத்தது. வாழை இலைகளில் பனித்துளிகள்' – வேண்டாம். பனித்துளியை வைத்தால் பூவாத்தாள் அதையும் வழித்து வேருக்கு ஊற்றிவிடுவாள். தண்ணீர் நிலைமை அப்படி.

நேராகவே சொல்கிறேன். பூவாத்தாளுக்கும் அவள் கொழுந்தன் திருமூர்த்திக்கும் பொதுவில் ஒரு கிணறு. மாமனார் இருந்தபோதே முறை பிரித்தாயிற்று: பகல் தண்ணீர் திருமூர்த்திக்கு, ராத்திரித் தண்ணீர் பூவாத்தாளுக்கு. கரண்ட் மோட்டார் அடிக்கடி கருகி உயிரை வாங்கியதால், இருவரும் கலந்துபேசி சோலார் மோட்டார் போட்டார்கள். பலகைகளுக்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, சொந்தக்காரர்களுக்கு இனிப்பாக ஒப்புட்டு சுட்டுப் போட்டார்கள். பழைய மோட்டார் எடைக்குப் போனது.

அன்று பொழுது விழுந்ததும் பூவாத்தாள் தன் முறைக்குப் போய் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் அசையவில்லை. வெயில் போனால் சோலார் ஓடாது என்பது ஒப்புட்டுத் தின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

(நம்ப முடியவில்லையா? அந்த வீட்டில் பகலென்றால் திருமூர்த்தி, ராத்திரியென்றால் பூவாத்தாள். சூரியனை யார் நினைத்தார்கள்?)

3

திருமூர்த்தியை வில்லனாக்கிப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. அண்ணியைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுகிற ஆள் அவன்.

"பகல்ல பாதி நேரம் உடுங்க தம்பி. கொல தள்ளற நேரமுங்க, காஞ்சுபோட்டா ஒரு வருசப் பாடு போச்சுங்க."

"எனக்கும் கொல தள்ளுதுங்களே அண்ணி. அப்பா வெச்ச முறைய நான் எப்படிங்க மாத்தறது?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். தன் வாழைக் காட்டுக்கு வந்து, தொங்கிப்போன இலைகளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது சோலார் பலகைகள் கண்ணில் பட்டன.

அவை நின்றது அவள் காட்டில். திருமூர்த்தி பக்கம் தென்னை நிழல் விழும் என்று, 'எங்காட்டுலயே நட்டுக்கங்க' என்று பெரிய மனசோடு இடம் கொடுத்தவளே அவள்தான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, பீரோவில் இருந்த சேலைகளையெல்லாம் அலசிப் பலகைகள்மேல் காயப்போட்டாள்.

4

திருமூர்த்தியின் வாய்க்காலில் தண்ணீர் நூலாகி, பிறகு அதுவும் நின்றது. ஓடிவந்தான்.

"என்னங்க அண்ணி இது?"

"தண்ணிய மாமா பிரிச்சு வெச்சாருங்க. வெயில ஆரும் பிரிக்கலீங்களே. எங்காட்டு வெயிலுல எஞ்சேலையக் காயப்போட்டிருக்கறனுங்க."

இந்த இடத்தில் எனக்கு ஒரு முடிவு வேண்டும். பேட்டரி வாங்கிச் சேமிக்கட்டுமா? கதை விளம்பரமாகிவிடும். திருமூர்த்தி மனம் திருந்தி அழட்டுமா? அவன் அழுதால் நானே நம்பமாட்டேன். கோர்ட்டுக்குப் போய் – இல்லை, அதற்குள் வாழை –

5

இரண்டு பக்கத்து வாழையும் வாடிக்கொண்டிருந்தது. தன் வாழையைப் பார்த்த கண்ணாலேயே பூவாத்தாள் அவன் வாழையையும் பார்த்தாள். ஒரு சேலையை எடுத்து முனையை நீட்டினாள்.

"புடிங்க தம்பி. ஒத்தையா மடிக்க முடியாதுங்க."

அவன் பிடித்தான். சேலைகள் ஒவ்வொன்றாக மடிந்தன. மோட்டார் முனகியது, தண்ணீர் வந்தது. வாய்க்கால் பிரிகிற இடத்துக்குப் பாய்ந்தது. இந்தப் பக்கம் வெட்டிவிட்டால் அவள் வாழை, அந்தப் பக்கம் என்றால் அவன் வாழை. கடைசிச் சேலை மிச்சமிருக்கிறது, இருவர் கையும் காலியில்லை. எனக்கோ மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை.

பூவாத்தாள் திரும்பிப் பார்க்கிறாள். என்னையல்ல, உங்களை.

"ஏனுங்க, இத்தன நேரம் பாத்துட்டே நிக்கறீங்களே, மடையத் திருப்பி உடுங்க. பொழுது போகுதுங்க!"

எந்தப் பக்கம் என்று அவள் சொல்லவில்லை.