சந்தூக்கை மறித்தவர்

அன்சுமானா கோலி மையவாடிக்குப் போகிற தடத்தின் நடுவே, மண்வெட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குழி வெட்ட வந்தவர்களை ஏற்கெனவே விரட்டியாயிற்று. அண்ணன் லாண்டிங்கின் உடலைச் சுமந்து சந்தூக்கு இந்த வழியாகத்தான் வர வேண்டும். வரட்டும், பார்ப்போம்.

அண்ணன் வீடு செனகலில், தம்பி வீடு காம்பியாவில். நடுவே முந்திரித் தோப்பும் ஒரு வெள்ளை எல்லைக்கல்லும். வெள்ளைக்காரர்கள் ஆற்றை வைத்துக் கோடு கிழித்தபோது, கழியை ஒட்டிய மையவாடி காம்பியா பக்கம் விழுந்தது. அம்மா அங்கேதான் கிடக்கிறாள். அவள் பக்கத்தில் தன்னை அடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செத்திருந்தான் லாண்டிங்.

அம்மா இவருக்கு விட்டுப்போன நெல்வயலின் அணையை வெட்டி உப்புத்தண்ணீரை உள்ளே விட்டவனுக்கு அவள் பக்கத்தில் இடமா? வெட்டியதை அன்சுமானா கண்ணால் பார்க்கவில்லை. பார்க்கத்தான் வேண்டுமா? அன்றோடு பேச்சு அறுந்தது.

சந்தூக்கு வந்தது. இவரைக் கண்டதும் தூக்கி வந்தவர்கள் நின்றார்கள். பெண்கள் எல்லைக்கல்லோடு நின்றுவிட்டார்கள். மீன் விற்கும் சிகா ஜூஃப் மட்டும் நிற்காமல் முன்னே வந்தாள். அவள் செரேர் இனம், இவர் ஜோலா இனம். ஆதியில் ஓடம் பிளந்து ஆளுக்கொரு கரையில் ஒதுங்கிய அக்காள் தங்கையின் வழிவந்தவர்கள். ஒருவரை ஒருவர் அடிமை என்று ஏசலாம், கோபப்படக் கூடாது. கேட்டதை மறுத்தால் குடும்பம் விளங்காது.

“என்ன அடிமை, வழியில குந்தியிருக்கே? சோத்துப் பானைய எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட்டானா?”

“போடி மீன்நாத்தம். இது உன் சோலி இல்ல.”

“செத்தவன் என் அடிமை. அவன எங்க பொதைக்கணும்னு இன்னொரு அடிமையா எனக்குச் சொல்றது?”

“அவன் அணைய வெட்டினான், சிகா.”

“பின்டாங் கழி நெடுக மீன் வாங்கப் போறவ நான். எல்லா ஊர் வயலும் உப்புப் பூத்து வெள்ளையாக் கெடக்கு. மழை கொறைஞ்சுது, கடல் ஏறி வந்துருச்சு. அத்தனை அணையும் உங்கண்ணன்தான் வெட்டினானா? அந்தச் சோம்பேறியா?”

அண்ணன் சோம்பேறிதான். அதை அன்சுமானாவால் மறுக்க முடியவில்லை.

“அவன் வயலு?” என்றார்.

“உன்னுதுக்கு முந்தியே செத்துது. கல்லைத் தாண்டி ஒருநாள் எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எந்திரி. நான் கேக்கறேன்.”

கேட்டுவிட்டாள். அவர் எழுந்தார். அண்ணன் மகனை விலக்கிவிட்டு, சந்தூக்கின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டார். லாண்டிங் கனத்தான்.

அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே இடம். தனக்கென்று அவர் வைத்திருந்தது. அதில் அவரே மண்வெட்டியைப் போட்டார். இடுப்பளவு போனதும் மண் ஈரமாக வந்தது. மீன்காரி பேச்சை அப்படியே நம்பிவிட முடியுமா? ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

உப்பு.

இங்கே எவனும் வெட்ட அணையே இல்லை. அவர் மேலும் வெட்டினார்.